கதிரை பார்க்கிறவர்

மூன்றாவது கதிரையிலும் உட்கார்ந்து பார்த்தார். கைகளை மார்போடு கட்டிக்கொள்ள வேண்டும். பிடியைத் தொடக்கூடாது. முழங்காலை மட்டும் நம்பி எழும்ப வேண்டும். முதல் இரண்டு கதிரைகளும் அவரை ஒழுங்காக எழுப்பி விட்டன. மூன்றாவது பாதி வழியில் திரும்ப இழுத்துக்கொண்டது. மறுபடி முயன்றார். மறுபடி இழுத்தது. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்த தாளை எடுத்து, ஒன்றை உரித்து, கைப்பிடியின் அடிப்பக்கத்தில் ஒருவர் கண்ணிலும் படாதபடி ஒட்டினார். பிறகு குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்: எலும்புப் பிரிவு, ஜன்னல் ஓரம், மூன்று, உயரம் காணாது.

எதிரே காலில் மாவுக்கட்டோடு இருந்த வெள்ளைக்காரர் வெகு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கதிரை திருத்த வந்த ஆளா என்று கேட்டார்.

இல்லை, நான் பொதுமக்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அருந்தவன் நான்காவது கதிரைக்கு நகர்ந்தார்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஸ்பிரிங்வேலிலிருந்து ஒரு பஸ்ஸில் போய் இறங்கக்கூடிய அந்த ஆஸ்பத்திரியில், வட்டார மக்கள் சார்பில் நிர்வாகத்தோடு பேசுவதற்கென்று பன்னிரண்டு பேர் கொண்ட குழு ஒன்று இருக்கிறது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய் பின்னேரம் கூடும். சம்பளம் இல்லை. கழுத்தில் மாட்ட ஒரு படம் போட்ட அட்டை, கார் நிறுத்த ஒரு துண்டு, கூட்டத்தில் சான்விச். செவ்வாயில் மச்சம் மாமிசம் தின்னாத அருந்தவனுக்கு நான்கு வருடமாக வெள்ளரிக்காய் சான்விச். கூட்டம் பின்னேரம் என்றாலும் அவர் காலையிலேயே வந்துவிடுவார். கூட்டத்துக்கு வருகிறவர்கள் கூட்டத்துக்கு மட்டும் வந்தால் எதைப் பற்றிப் பேசுவது என்பது அவருடைய கேள்வி.

அறுபத்தொன்பது வயது. ஒல்லி. நடக்கும்போது வலது கைப் பெருவிரல் தானாகவே பக்கத்தில் இருப்பதைத் தடவிக்கொண்டு போகும்: சுவரில் பதித்த கைப்பிடிக் கம்பி, மேசை விளிம்பு, தள்ளுவண்டியின் ஓரம். டண்டினோங்கில் லொறிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்த தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவர். அதில் பத்தொன்பது வருடம் தரம் பார்க்கும் மேசையில். விளிம்பில் மயிரளவு பிசிறு இருந்தாலும் பெருவிரல் சொல்லிவிடும். உடனே சிவப்புப் பொட்டு. பொட்டு விழுந்த பாகம் வாசலைத் தாண்டாது.

"கத்தத் தேவையில்லை, ஆரோடையும் சண்டை பிடிக்கத் தேவையில்லை. ஒரு பொட்டு வைச்சாக் காணும்" என்பார்.

தொழிற்சாலை மூடப்பட்டபோது மீந்திருந்த பொட்டுத் தாள்களை ஒரு பெட்டி நிறைய வீட்டுக்குக் கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியின் கதிரைகள் மாத்திரமல்ல, மூத்திரப் பரிசோதனைக்குக் கிண்ணம் கொடுக்கும் ஜன்னல், வெயிலில் எழுத்துத் தெரியாத வாகனத் தரிப்பு இயந்திரம், இடப்பக்கம் போகச் சொல்லி வலப்பக்கத்தைக் காட்டிய அம்புக்குறி எல்லாம் பொட்டு வாங்கியிருக்கின்றன. ஒட்ட வேண்டாம் என்று ஹெலன் இரண்டு தடவை சொன்னாள். ஹெலன்தான் நிர்வாகத்தின் பக்கமிருந்து குழுவை நடத்துகிறவள். இப்போது அவளே, துப்புரவு ஆட்கள் கேட்டால், அதெல்லாம் அருந்தவனுடையது, விட்டுவிடுங்கள் என்கிறாள்.

அவருக்குப் பிடித்த வாழ்க்கை இது. காலையில் சவரம் செய்துகொண்டு போக ஓர் இடம் இருக்கிறது. போன இடத்தில் குறை இருக்கிறது. குறையைச் சொன்னால் எழுதிக்கொள்கிறார்கள். வேறென்ன வேண்டும்.

ஒரே தொல்லை அந்தப் படம் போட்ட அட்டை. அதை ஒருமுறை கழற்ற மறந்து த பேசின் என்ற ஊரில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து சனம் அவரை ஆஸ்பத்திரியை நடத்துகிறவர் என்று நம்பத் தொடங்கிவிட்டது. பூசை முடிந்து காரடிக்கு வருவதற்குள் நான்கு பேராவது மறிப்பார்கள். ஒருவருக்குக் கண், ஒருவருக்குப் பித்தப்பை, ஒருவருடைய மச்சாளுக்கு இடுப்பு. எல்லோரும் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே கோரிக்கை: பட்டியலில் பெயரைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட வேண்டும். ஒருவர் பழக்கூடையோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, நான் கதிரை பாக்கிறவன். லிஸ்ற் பாக்கிறவன் இல்லை" என்று சொல்லி, கூடையைத் திருப்பிக் கொடுத்தார் அருந்தவன். வந்தவர் நம்பவில்லை. பெரிய ஆட்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று தெருவில் நின்று யாருக்கோ போனில் சொன்னதும் காதில் விழுந்தது.

அதே பட்டியலில்தான் அவருடைய மனைவி சந்திரவதனாவும் இருந்தார். வலது முழங்கால். போன வருடம் மார்ச்சில் மருத்துவர் படம் பிடித்துப் பார்த்து, எலும்போடு எலும்பு உரசுகிறது, மாற்றத்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பதினேழு மாதம். வாசலில் நான்கு படி. அதை ஒவ்வொன்றாக, இடது காலை முன்னே வைத்து, பிறகு வலதை இழுத்துச் சேர்த்து இறங்குவார். கோயிலுக்கு வருவதை நிறுத்தி ஆறு மாதம்.

ஒரேயொரு தடவை கேட்டார். குசினியில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல்.

"ஹெலனிட்டை ஒரு சொல்லுச் சொன்னா என்னப்பா? மேல தள்ளச் சொல்லேல்லை. எந்த இடத்தில நிக்கிறன் எண்டு மட்டும்."

"அது சரிவராது, சந்திரா. அதுக்கெண்டு என்னை அங்கை வைச்சிருக்கேல்லை."

"சரி. ஊருக்குப் பிரதிநிதி. வீட்டுக்கு ஆரெண்டு சொன்னா அவரிட்டைக் கேப்பன்."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. மருத்துவரைப் பார்க்க மனைவியை அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் நாட்களில் அருந்தவன் அட்டையைக் கழற்றிக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வருவார். தாதி யாராவது அடையாளம் கண்டு சிரித்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பட்டியல் நகராது, நகரும்போது நகரும் என்பதுதான் எல்லோருடைய நிலையும். அது எப்படிப் பின்னோக்கிப் போனது என்பதற்கு ஒரு வருடம் முந்திப் போக வேண்டும்.

ஸ்பிரிங்வேலில் தமிழ் முதியோர் சங்கம் சனிக்கிழமைகளில் ஒரு நகரசபை மண்டபத்தில் கூடுகிறது. இலங்கைக்காரர்கள் அதிகம், இந்தியாவிலிருந்து பிள்ளைகளோடு வந்து தங்கியவர்களும் உண்டு. கடந்த குளிர்காலத்தில் அங்கே வருகிற சத்தியபாமா அன்ரிக்கு ஒரு போன் வந்தது. வரி இலாகாவிலிருந்து பேசுகிறோம், பொலிஸ் வாசலுக்கு வருகிறது என்று ஒருவன் மிரட்டியிருக்கிறான். அன்ரி இரண்டு நாள் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு இருட்டுக்குள் இருந்துவிட்டார். சங்கம் கொதித்துப் போனது. இது பற்றி விளக்கம் சொல்ல ஒருவர் வேண்டும் என்றதும் எல்லோரும் அருந்தவனைப் பார்த்தார்கள்.

அவர் தொழிற்சாலைப் பாணியிலேயே விளக்கினார். சந்தேகம் என்றால் ஏற்காதே. திருத்திப் பார்க்காதே, பேச்சுக் கொடுக்காதே. ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து, பிளாஸ்ரிக் உறை போட்டு, காந்தம் வைத்து நாற்பது வீடுகளுக்குக் கொடுத்தார். முதலாவது வரி: இலக்கம் தெரியாமல் வரும் அழைப்பை எடுக்க வேண்டாம். இரண்டாவது வரி: முக்கியமான விடயம் என்றால் கடிதம் வரும்.

நாற்பது குளிர்சாதனப் பெட்டிகளில் அந்தத் தாள் ஏறியது. அவருடைய வீட்டுப் பெட்டியிலும். அருந்தவனுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் சனம் மறந்துவிட்டிருக்கும். ஆஸ்பத்திரி ஆள் சொன்னதால் வேதவாக்கு.

கதிரைகளுக்குப் பொட்டு வைத்த அந்த ஓகஸ்ட் செவ்வாயின் பின்னேரக் கூட்டத்தில், ஹெலன் திரையில் ஒரு வரைபடம் காட்டினாள். காத்திருப்போர் பட்டியலில் இருந்து, தொடர்புகொள்ள முடியவில்லை என்ற காரணத்துக்காக நீக்கப்பட்டவர்கள். பட்டியலில் இருப்பவர்களை ஆஸ்பத்திரி அவ்வப்போது போனில் கூப்பிட்டு, இன்னும் சிகிச்சை வேண்டுமா என்று கேட்கும். மூன்று அழைப்பு. பதில் இல்லாவிட்டால் ஒரு கடிதம். அதற்கும் பதில் இல்லாவிட்டால் பெயர் போய்விடும். வரைபடத்தில் மொழிவாரியாகத் தூண்கள் நின்றன. தமிழ்த் தூண் ஒரே வருடத்தில் அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

ஊருக்குப் போய்விட்டார்களா, வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டார்களா என்று ஹெலன் அவரைக் கேட்டாள். கடிதம் ஆங்கிலத்தில் போகிறது, அதுதான் பிழை என்று அருந்தவன் உடனே சொன்னார். தமிழில் அனுப்ப வேண்டும் என்று தான் இரண்டு வருடமாகச் சொல்லி வருவதையும் நினைவூட்டினார். எதற்கும் சனிக்கிழமை சங்கத்தில் விசாரித்து வருவதாகச் சொல்லிவிட்டு வெள்ளரிக்காய் சான்விச்சை எடுத்தார். நல்ல உற்சாகமாக இருந்தது. ஒரு பெரிய பிசிறு அகப்பட்டிருக்கிறது.

சனிக்கிழமை குறிப்புப் புத்தகத்தோடு போய் முதலில் பழனிசாமியிடம் உட்கார்ந்தார். பழனிசாமி கோயம்புத்தூர்க்காரர், மகனோடு இருக்கிறார். இடது கண்ணில் வெண்படலம். சீட்டாட்டத்தில் சீட்டை மூக்கருகே பிடித்துப் பார்ப்பவர்.

"லிஸ்ட்லருந்து எடுத்துட்டாங்கன்னு கடுதாசி வந்துதுங்க" என்றார் பழனிசாமி, கவலையில்லாமல்.

"அதுக்கு முன்னம் போன் வரேல்லையோ?"

"எந்தப் போனுமே வரலீங்க." கொஞ்சம் யோசித்தார். "நம்பரே இல்லாம ஒருத்தன் அடிச்சுட்டே இருந்தானுங்க. மொதல்ல ஒரு திங்கக்கெழமை, அப்பறம் புதன்கெழமை, அப்பறம் இன்னொரு தடவை. நான் அசையலையே. நீங்க சொன்னாப்ல, கையக் கட்டிட்டு உக்காந்து, அது அடிச்சு ஓயற வரைக்கும் பாத்துட்டே இருந்தனுங்க."

சொல்லிவிட்டு அருந்தவனின் முகத்தைப் பார்த்தார், பாராட்டை எதிர்பார்த்து.

அருந்தவனின் பென்சில் தாளில் நின்றது. ஆஸ்பத்திரியின் எந்தப் போனிலிருந்து கூப்பிட்டாலும் இலக்கம் காட்டாது. அது அவருக்கு நான்கு வருடமாகத் தெரியும். ஹெலனே அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். இலக்கம் இல்லாமல் மணி அடித்தால், ஹெலனாக இருக்கும் என்று அவர் எடுப்பார்.

மற்றவர்களையும் கேட்டார். ஒவ்வொருவரும் தங்கள் வீரத்தைச் சொன்னார்கள். ஒருவர் போனைத் தலையணைக்குக் கீழே வைத்து அமுக்கியிருந்தார். சத்தியபாமா அன்ரி, இன்னும் ஒருக்கால் அடிச்சால் பொலிசுக்கு அறிவிப்பன் என்று மணியடித்துக்கொண்டிருந்த போனுக்கே சொல்லியிருந்தார். கடிதம் வந்தவர்கள் மகன் வந்து வாசிக்கட்டும், மகள் வந்து வாசிக்கட்டும் என்று எடுத்து வைத்திருந்தார்கள். எல்லாமாக ஒன்பது பேர்.

யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நீங்கள் சொன்ன பிறகு எங்களை ஒருத்தனும் ஏமாற்றவில்லை என்று தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் நேரே குசினிக்குப் போனார். சந்திரவதனாவின் போனைக் கேட்டு வாங்கி, வந்த அழைப்புகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஜூலையில் இலக்கமில்லாத அழைப்பு மூன்று.

"இதை ஏன் எடுக்கேல்லை?"

சந்திரவதனா கரண்டியால் குளிர்சாதனப் பெட்டியைக் காட்டினார்.

"கடிதம் ஏதும் வந்ததோ?"

"எனக்கென்ன கடிதம். ஆஸ்பத்திரிக் கடிதமெல்லாம் உங்கடைதானே. வந்த உடனை உங்கடை மேசையில வைச்சிட்டன்."

அதுவும் சரி. அந்த வீட்டுக்கு மாதம் இரண்டு மூன்று தடவை ஆஸ்பத்திரி முத்திரையோடு உறை வரும். கூட்டக் குறிப்புகள், அறிக்கைகள். அவற்றை அருந்தவன் இப்போது கணினியில் வாசித்துவிடுகிறார், உறைகளைப் பிரிப்பதில்லை. மேசையில் குவிந்திருந்த பதினொரு உறைகளில் ஏழாவதில் மேல்விலாசம் திருமதி ச. அருந்தவன் என்றிருந்தது. பதினான்காம் திகதிக்குள் பதில் சொல்லாவிட்டால் பெயர் நீக்கப்படும். பதினான்காம் திகதி வியாழக்கிழமை. அன்றைக்குச் சனி, பதினாறு.

அவர் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சந்திரவதனா மூக்குக்கண்ணாடியைப் போட்டு முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். பிறகு அடுப்பைக் குறைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

"வேறை எத்தினை பேர்?"

"ஒன்பது."

"உங்கடை சொல்லைக் கேக்கிறது நான் ஒருத்திதான் எண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சிருந்தனான்" என்றார் சந்திரவதனா. சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்புக்கு வெகு தூரத்திலும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் அவரே கடிதத்தில் இருந்த இலக்கத்துக்குப் போன் செய்தார். அருந்தவன் பக்கத்தில் நின்று கேட்டார். பெயர் எடுபட்டுவிட்டது, குடும்ப மருத்துவரிடம் புதிதாகக் கடிதம் வாங்கி அனுப்புங்கள், கடைசியிலிருந்து தொடங்கும் என்றார்கள். ஹெலனுடைய மேசை அந்த அழைப்பை எடுத்த ஆளிலிருந்து இரண்டு மாடி மேலே இருந்தது. அருந்தவனின் போனில் அவளுடைய கைபேசி இலக்கம் இருந்தது. அன்று முழுவதும் அந்தப் போன் சட்டைப் பையில், சிவப்புப் பொட்டுத் தாளோடு உரசிக்கொண்டிருந்தது. அவர் ஹெலனுக்கு மின்னஞ்சல் எழுதினார். அடுத்த கூட்டத்தில் தனக்குப் பதினைந்து நிமிடம் வேண்டும் என்று மட்டும்.

அந்த மூன்று வாரமும் சந்திரவதனா சண்டை பிடிக்கவில்லை. ஆனால் அருந்தவன் கடையில் நின்று, முருங்கைக்காய் வாங்கவா என்று போன் செய்தால் எடுக்க மாட்டார். வீட்டுக்கு வந்து ஏன் என்று கேட்டால், "படம் உங்கடைதான் வந்தது. எண்டாலும் ஒரு சந்தேகம். சந்தேகம் எண்டா எடுக்க வேண்டாம் எண்டெல்லோ எழுதியிருக்கு" என்பார். இரண்டு வாரம் முருங்கைக்காய் இல்லாமல் போனது.

செப்ரெம்பர் கூட்டத்துக்கு அவர் காலையில் போகவில்லை. கதிரை எதையும் சோதிக்கவில்லை. நேரம் வந்ததும் போய் உட்கார்ந்தார். தன் முறை வந்தபோது பையிலிருந்து அந்தப் பிளாஸ்ரிக் உறை போட்ட தாளை எடுத்து மேசையில் வைத்தார். அதன் மேல் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது.

இதை எழுதியது நான் என்று தொடங்கினார். ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னார். போன மாதம் கடிதத்தின் மொழிதான் பிழை என்று சொன்னேன், அது பாதி உண்மை. இந்தத் தாள் மற்றப் பாதி. இலக்கம் தெரியாத அழைப்பை எடுக்காதே என்று நான் சொன்னேன். நீங்கள் இலக்கம் இல்லாமல் கூப்பிடுகிறீர்கள். நான் இரண்டு பக்கமும் நிற்கிறவன், எனக்கு மட்டும் இரண்டும் தெரியும், நான் சேர்த்துப் பார்க்கவில்லை. பத்தொன்பது வருடம் இந்த வேலை செய்தேன், இவ்வளவு பெரிய பாகத்தை ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

அவர் பெயர்ப் பட்டியலைச் சுற்றி அனுப்பினார். ஒன்பது பேரும் சம்மதித்துத்தான் பெயர் தந்தார்கள், இவர்களைப் பழைய இடத்திலேயே திரும்பச் சேர்க்க வேண்டும் என்றார்.

தாள் திருமதி ட்ரானிடம் வந்தபோது நின்றது. ஸ்பிரிங்வேலில் முப்பது வருடம் பேக்கரி நடத்திய வியட்நாமியப் பெண். கூட்டங்களில் அதிகம் பேசாதவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை வெளிச்சத்தில் பிடித்தார். இதில் பத்து என்று ஓர் எண் இருக்கிறது, எதிரே எழுதியதை யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்றார்.

அது என் மனைவி என்றார் அருந்தவன். அவரை நான் இதில் சேர்க்க முடியாது. நீங்கள் இதைப் பற்றி முடிவெடுக்கும்போது நான் அறையிலும் இருக்க முடியாது.

எழுந்து வெளியே போய்விட்டார். தாழ்வாரத்தில் ஒரு கதிரை இருந்தது. உட்கார்ந்தார். எழும்பவும் இல்லை, சோதிக்கவும் இல்லை. கதவுக்குப் பின்னால் திருமதி ட்ரானின் குரல், வழக்கத்துக்கு மாறாக, நெடு நேரம் கேட்டது.

ஹெலன் வந்து கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. வியட்நாமியர்களும் அந்த மாதிரிப் போனை எடுப்பதில்லையாம். ஒன்பது பேர், பத்துப் பேர் என்று எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை, இந்த வருடம் தொடர்புகொள்ள முடியவில்லை என்று நீக்கப்பட்ட அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டும், சிகிச்சை வேண்டும் என்பவர்களுக்குப் பழைய இடத்தைக் கொடுக்க வேண்டும் என்று திருமதி ட்ரான் சொல்லியிருக்கிறார். கூட்டத்துக்கு வந்திருந்த மேலதிகாரியும் ஒத்துக்கொண்டுவிட்டார். இனி அழைப்புக்கு முன் அவரவர் மொழியில் ஒரு குறுஞ்செய்தி போகும். இலக்கம் காட்டுவதற்கு மட்டும் தொலைபேசிக்காரர் இரண்டு மாதம் கேட்கிறார். ஆனால் கூப்பிடுவதை நாளைக்கே தொடங்குகிறோம் என்றாள் ஹெலன். நாளைக்கும் இலக்கம் காட்டாது, உங்கள் ஆட்களிடம் எடுக்கச் சொல்லுங்கள்.

தட்டில் கடைசி வெள்ளரிக்காய் சான்விச் இருந்தது. திருமதி ட்ரான் அதைக் கடதாசித் துவாயில் சுற்றி அவரிடம் நீட்டினார். மனைவிக்கு என்றார்.

அருந்தவன் அன்று மாலை ஏழு மணிக்குள் ஒன்பது வீட்டுக்கும் போன் செய்து முடித்தார். பழனிசாமிக்கு மட்டும் விளங்க வைப்பது கடினமாக இருந்தது.

"அப்ப எடுக்கறதுங்களா, வேண்டாமுங்களா?"

"எடுங்கோ."

"திருடனா இருந்தா?"

"வையுங்கோ."

"இதைய மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார் பழனிசாமி.

மறுநாள் புதன்கிழமை. காலையில் கொஞ்சம் தூறி விட்டது. அருந்தவன் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த தாளை எடுத்தார். காந்தத்தை இழுப்பறையில் போட்டார். பத்து இருபதுக்குச் சந்திரவதனாவின் போன் அடித்தது. இலக்கம் இல்லை. சந்திரவதனாவே எடுத்தார். கூரையில் சூரியத் தகடு போடுகிறீர்களா என்று ஒரு பெண் கேட்டாள். அவள் சொன்னதை எல்லாம் கேட்டு, நன்றி சொல்லி வைத்தார். பன்னிரண்டு மணிக்கு இன்னொன்று. அது பேசாமலே நின்றுவிட்டது. சந்திரவதனா போனின் சத்தத்தை முழுவதும் கூட்டிச் சமையல் மேடையில் வைத்தார். மத்தியானம் சோறும் பருப்பும் முருங்கைக்காய்க் குழம்பும்.

இரண்டு மணிக்கு வெயில் வந்ததால், சந்திரவதனா பின் வளவில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு ஐம்பதுக்குப் போன் அடித்தது. குசினியில் அருந்தவன் மட்டும் இருந்தார். இலக்கம் இல்லை. அது மனைவியின் போன், அவர் எடுக்கவில்லை. அதைக் கையில் ஏந்திக்கொண்டு பின்கதவால் ஓடினார். படியில் ஒரு செருப்புக் கழன்றது. சந்திரவதனா வாயில் இருந்த கவ்விகளை எடுத்துவிட்டுப் போனை வாங்கினார். ஓம் என்றார், பிறகு யெஸ் என்றார். நானேதான் என்றார். வேண்டும் என்றார். சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, காற்றில் எழுதுவதுபோல் விரலை ஆட்டிக் காட்டினார்.

அருந்தவன் சட்டைப் பையிலிருந்து பென்சிலையும், கைக்கு அகப்பட்ட சிவப்புப் பொட்டுத் தாளையும் எடுத்துக் கொடுத்தார். எழுத மேசை இல்லை. அவர் திரும்பி, முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றார். அவருடைய முதுகில் தாளை வைத்து, அதன் வெறும் பக்கத்தில், சந்திரவதனா தன் முழங்காலுக்கு அவர்கள் கொடுத்த திகதியை எழுதினார்.